கடுமையான மேலாளரிடம் பணிபுரிதல்



விற்பனைத் தொழிலைப் பற்றிப் பேசுவதற்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவனுக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் வினவலாம். வினவுவது நியாயந்தான். என் வாழ்நாளில் நான் எதையும் விற்றவனல்லன். ஆனால் விற்பவர்களை வகுப்பில் அமர்த்திப் படிப்பித்து அனுப்பியவன். நீலகிரி மலையில் உள்ள எங்கள் சோலூரில் தேயிலை விளைகிறது. காரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளைகின்றன. படித்த பிள்ளைகளுக்கு வேண்டிய உத்தியோகம் மட்டும் போதுமான அளவு விளைவதில்லை. ஆகவே பள்ளிப் படிப்பை முடித்தவர்களிற் பலர் எதையேனும் விற்கும் வேலைக்கே போகின்றனர். சீசன் மாதங்களான ஏப்ரலிலும் மேயிலும் உதகைக் கடைகளில் வர்க்கியும் சாக்லேட்டும் நீலகிரித் தைலமும் விற்பவர் சிலர். கோயம்புத்தூருக்கு இறங்கித் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நிற்பவர் சிலர். தேயிலைத்தூள் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு லைன் வண்டியில் சமவெளிச் சிற்றூர்களைச் சுற்றுபவர் சிலர். தோளில் பையை மாட்டிக்கொண்டு மருத்துவர்களின் வாயிலில் காத்திருக்கும் மருந்துப் பிரதிநிதிகளும் உண்டு.

இவர்கள் ஹெத்தையம்மன் பண்டிகைக்கோ பொங்கலுக்கோ ஊர் திரும்பும்போது என்னைக் காண வருவதுண்டு. வேலை எப்படி என்று கேட்பேன். நாள் முழுதும் நிற்பதைப் பற்றியோ, வெயிலைப் பற்றியோ, சம்பளத்தைப் பற்றியோ முதலில் சொல்பவர் குறைவு. முதலில் வருவது மேலாளரின் பேச்சுதான். நல்லவர் என்று ஒருவர் சொல்வார். பொல்லாதவர் என்று நால்வர் சொல்வர். வேலையை விட்டுவந்த காரணமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். உங்களிற் பலரும் நாளை அத்தகைய பணிக்குச் செல்லக்கூடும் என்பதால் அதைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்லலாம் எனக் கருதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். ஏனைய தொழில்களைக் காட்டிலும் விற்பனைத் தொழிலில் மேலாளர் கடுமையாக இருப்பதற்குக் காரணம் அத்தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆசிரியன் கற்பித்தது நன்றாகக் கற்பித்ததா என்பது பத்து ஆண்டுகள் கழித்தே தெரியும். அதுவரை யாரும் அவனைக் கேட்க முடியாது. விற்பனையாளனுடைய உழைப்போ அன்று மாலையே எண்ணாக மாறி எதிரே வந்து நிற்கிறது. அந்த எண்ணுக்கு 'டார்கெட்' என்று பெயர். இலக்கு என்று தமிழில் சொல்லலாம். ஆனால் இலக்கு என்ற சொல்லைக் கேட்டால் உள்ளத்தில் ஊக்கம் பிறக்கிறது. டார்கெட் என்ற சொல்லைக் கேட்டால் பிள்ளைகளின் முகம் வாடுகிறது. ஆதலால் அவர்கள் வழங்கும் சொல்லையே நானும் வழங்குகிறேன்.

இந்த டார்கெட் எவ்வாறு பிறக்கிறது என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். கணக்கு என் கற்பனை. ஆனால் இத்தகைய கணக்கே பல இடங்களில் நடக்கிறது. சென்ற ஆண்டில் ஒரு வட்டாரத்தில் மாதம் 100 பெட்டி விற்றது என்று வைத்துக்கொள்வோம். இவ்வாண்டு 110 பெட்டி விற்றால் போதும் என்று முதலாளி நினைக்கிறார். அவருக்குக் கீழுள்ள மண்டல மேலாளர், யாராவது ஒருவர் குறைத்துவிட்டால் தம் தலை உருளுமே என்று அஞ்சி, தமக்குக் கீழ் உள்ளவரிடம் 115 என்கிறார். அவரும் அதே அச்சத்தால் 120 என்று விற்பனையாளனிடம் சொல்கிறார். பையன் அரும்பாடுபட்டு 112 விற்கிறான். முதலாளி விரும்பியதற்கு மேலே இரண்டு பெட்டி விற்றிருக்கிறான். ஆனால் அவனுக்குக் கிடைப்பது பாராட்டன்று. எட்டுப் பெட்டி குறைந்ததற்கான ஏச்சு. ஏசுகிறவருக்கும் அன்று மேலிடத்திலிருந்து ஏச்சு கிடைத்திருக்கும். பள்ளி ஆய்வாளர் வரப்போகிறார் என்ற நாளில் தலைமையாசிரியர்களின் குரல் எத்தகைய மாறுதலை அடைகிறது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். விற்பனைத் தொழிலில் ஆய்வாளர் மாதந்தோறும் வருகிறார், அவ்வளவுதான் வேறுபாடு.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. இம்மாதம் 125 பெட்டி விற்றுவிட்டால் அடுத்த மாதத்தின் டார்கெட் 135 ஆகிவிடுகிறது. ஆகவே அனுபவம் உள்ளவர்கள் வேண்டுமென்றே சிறிது குறைத்து விற்கிறார்கள். இது மேலாளருக்கும் தெரியும். தெரிவதனால் அவர் எல்லாரையும் சந்தேகிக்கிறார். உண்மையாக முயன்று தோற்றவனையும் சோம்பேறி என்கிறார். இன்னொரு பக்கம், மாதக் கடைசியில் எண்ணிக்கையை நிரப்புவதற்காக 30 ஆம் தேதி கடைக்காரர் தலையில் 20 பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். அடுத்த மாதம் 5 ஆம் தேதி அதில் பாதி திரும்பி வருகிறது. திரும்பி வந்த சரக்குக்கு யார் பொறுப்பு என்னும் இடத்தில்தான் கூச்சல் எழுகிறது. மேலாளரின் குணத்தை ஆராய்வதற்கு முன் அவர் எந்தத் தேதியில் உங்களை ஏசினார் என்று பாருங்கள். 28 ஆம் தேதிக்குப் பிறகு மட்டும் ஏசுகிறவராயின் அவர் குணத்தில் பெருங்குறை இல்லை என்று கொள்ளலாம்.

ஆனால் எல்லாவற்றையும் இவ்வாறு மன்னித்துவிட இயலாது. கடுமை வேறு, கொடுமை வேறு. சரக்கு ஏன் அடுக்கப்படவில்லை, கணக்கு ஏன் பொருந்தவில்லை, வாடிக்கையாளரை ஏன் காக்க வைத்தாய் என்று கேட்பது கடுமை. உன் ஊர் என்ன, உன் சாதி என்ன, உன் அப்பன் என்ன செய்கிறான், உன் பேச்சு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பது கொடுமை. முன்னது வேலையைப் பற்றியது. பின்னது ஆளைப் பற்றியது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலாண்டிலேயே இந்த வேற்றுமையைக் கற்பித்தார்கள்: விடை தவறு என்று சொல், மாணவன் முட்டாள் என்று சொல்லாதே. மேலாளர்களுக்கென அத்தகைய பயிற்சி பல இடங்களில் இல்லை. நேற்றுவரை நன்றாக விற்றவரை இன்று மேலாளராக்கிவிடுகிறார்கள். நன்றாக விற்பதற்கு வேண்டிய திறமையும், பத்துப் பேரை நடத்துவதற்கு வேண்டிய திறமையும் ஒன்றல்ல.

கடுமையான மேலாளரிடம் நடந்துகொள்ளும் முறையைத் திருவள்ளுவரைக் காட்டிலும் சுருக்கமாகச் சொன்னவர் இலர். மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் 70 ஆம் அதிகாரத்தைப் பள்ளியில் பலர் படிப்பதில்லை. அரசர்கள்தாம் இப்போது இல்லையே என்று விட்டுவிடுகின்றனர். அந்த அதிகாரத்தில் அரசர் என்ற இடத்தில் மேலாளர் என்று வைத்துப் படித்துப் பாருங்கள். குளிர்காய்கிறவன் நெருப்பினிடம் கொள்ளும் தொலைவை அவர் உவமையாகக் காட்டுகிறார். எங்கள் மலைப்பக்கத்தில் இதற்கு உரை வேண்டுவதில்லை. மார்கழியில் உறைபனி விழும் விடியற்காலையில் கணப்பின் முன் அமர்ந்தவர்களுக்கு அந்தத் தொலைவு எவ்வளவு என்பது உடம்பிலேயே தெரியும். மேலாளருடன் தோளில் கைபோட்டுத் திரிகிறவனும் சுடப்படுகிறான். அவரைக் கண்டாலே ஒளிகிறவனும் குளிரில் விறைக்கிறான். அதே அதிகாரம் இன்னும் நுட்பமான செய்திகளைச் சொல்கிறது: மேலானவர் முன்னிலையில் பக்கத்தில் இருப்பவனுடன் காதோடு காதாகப் பேசிச் சிரித்தல் ஆகாது; கேட்கவேண்டியதை அவர் மனநிலையையும் நேரத்தையும் பார்த்துக் கேட்க வேண்டும்; நெடுநாட் பழக்கம் என்ற உரிமையால் தகாதவற்றைச் செய்யலாகாது. கடைத் தளத்தில் எழும் சச்சரவுகளிற் பாதி, கண்காணிப்பாளர் கடந்து போகும்போது இருவர் சிரித்ததனால் எழுந்தவை என்று என் மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நடைமுறைக்கு வருவோம். வாடிக்கையாளர் முன்னிலையில் மேலாளர் ஏசினால் அங்கேயே மறுமொழி கூறாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கூறாதீர்கள். வாடிக்கையாளர் போன பின்பு, கூட்டம் குறைந்த வேளையில், "ஐயா, ஐந்து நிமிடம் பேசலாமா?" என்று கேளுங்கள். பேசும்போது "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்று தொடங்காதீர்கள்; "காலையில் 11 மணிக்கு அந்த அம்மையார் முன் சொன்னீர்களே" என்று ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுங்கள். நிகழ்ச்சிக்கு விடை சொல்ல மனிதனால் இயலும். குற்றச்சாட்டுக்குச் சினங்கொள்ளத்தான் இயலும்.

எண்ணுக்கு எண்ணாலேயே விடை சொல்ல வேண்டும். நாள்தோறும் எத்தனை கடைக்குப் போனீர்கள், எத்தனை பேர் வாங்கினர், எவர் எந்தக் காரணத்தால் மறுத்தார் என்பதைச் சிறு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். மருந்துப் பிரதிநிதிகள் இதை நாளறிக்கையாக எழுதி அனுப்பவே வேண்டும். ஏனையோர் தாமாகவே எழுதலாம். "சந்தை சரியில்லை ஐயா" என்பதை எந்த மேலாளரும் நம்பமாட்டார். "42 கடைகளில் 17 கடையில் சென்ற மாதச் சரக்கே மிச்சம் இருக்கிறது, கடைகளின் பட்டியல் இதோ" என்றால் அவரும் அதை எடுத்துக்கொண்டு தம் மேலாளரிடம் போகலாம். நீங்கள் அவருக்கு ஒரு கேடயத்தைக் கொடுத்தவராகிறீர்கள். இன்னொன்று: கெட்ட செய்தியை அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். 30 ஆம் தேதி தெரியவேண்டிய குறைவை 15 ஆம் தேதியே சொன்னால் அது செய்தி. 30 ஆம் தேதி சொன்னால் அது குற்றம்.

வாய்மொழியாக அவர் சொல்லும் முக்கியமான கட்டளைகளை எழுத்திலாக்கிக்கொள்வதும் நலம். இதற்குச் சண்டை போட வேண்டுவதில்லை. "தாங்கள் இன்று கூறியவாறு இந்தக் கடைக்கு ஒரு மாதக் கடனில் பத்துப் பெட்டி கொடுத்திருக்கிறேன்" என்று அன்று மாலையே கைப்பேசியில் ஒரு வரி அனுப்பினால் போதும். பின்னர் அந்தக் கடைக்காரர் பணம் தரவில்லையென்றால், யார் சொல்லிக் கடன் கொடுத்தாய் என்ற கேள்விக்கு அந்த வரியே விடை சொல்லும்.

இனிக் கொடுமைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியிற் படித்த ஒரு மாணவி கீழே ஒரு பெரிய துணிக்கடையில் சேர்ந்தாள். ஊரும் பேரும் வேண்டா. அவளுடைய மலைப்பக்கத் தமிழைத் தளக் கண்காணிப்பாளர் நாள்தோறும் வாடிக்கையாளர் எதிரிலேயே பழித்துக் காட்டினார். படுகு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பெண். பத்தாம் வகுப்பில் தமிழில் 90க்கு மேல் வாங்கியவள். எட்டு மாதம் பொறுத்தாள். கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம் என்று முடிவு செய்து விலகப் போனபோது, சேரும்போது வாங்கிவைத்த மூலச் சான்றிதழ்களைக் கடையில் திருப்பித்தர மறுத்துவிட்டனர். ஓராண்டு முடித்தால்தான் தருவோம் என்றனர். கல்லூரிச் சேர்க்கைக்கோ மூன்று வாரமே இருந்தது.

அவள் தந்தையார் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். தோட்டத்திலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, நான் போய்க் காலில் விழட்டுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. விழ வேண்டா, ஒரு கடிதம் எழுதலாம் என்றேன். கடிதம் நான்கே வாக்கியம். இன்ன நாளில் பணியிற் சேர்ந்தேன். இன்ன சான்றிதழ்களை ஒப்படைத்தேன். கல்லூரிச் சேர்க்கைக்கு அவை இன்ன நாளுக்குள் தேவைப்படுகின்றன. ஆகவே இன்ன நாளில் நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன். ஏச்சைப் பற்றியோ கண்காணிப்பாளரைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அடியில், நகல்: தொழிலாளர் உதவி ஆணையர் அவர்களுக்கு, என்று ஒரு வரி. பெண்ணே கையெழுத்திட்டாள், ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒருவரிடம் உள்ள சான்றிதழைப் பிணையாகப் பிடித்துவைத்து வேலை வாங்குவதற்கு எந்த முதலாளிக்கும் சட்டம் உரிமை கொடுக்கவில்லை. இது அந்தக் கடையில் உள்ளவர்களுக்கும் தெரியும். குறித்த நாளில் தந்தையும் மகளும் சென்றபோது உறையை எடுத்துக் கொடுத்துவிட்டனர்.

கொண்டுவந்து கொடுத்தவர் அதே கண்காணிப்பாளர். வாயில்வரை வந்து, தந்தையாரிடம் தாழ்ந்த குரலில், "என்னுடைய சான்றிதழும் உள்ளேதான் இருக்கிறது, ஆறு வருடமாகிறது" என்றாராம். அந்தக் கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்றும் கேட்டாராம். அதன்பின் அவர் எழுதினாரா என்பதை நான் அறியேன்.

எனவே வேலைக்குச் செல்லும் மாணவர்களுக்கு நான் சொல்வது: மூலச் சான்றிதழைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், மூலத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். நியமன ஆணையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கேட்பதற்கு நாணம் வேண்டா.

விற்பனைப் பணியாளர்களின் துன்பம் இன்று பிறந்ததன்று. நம் நாட்டில் மட்டும் உள்ளதுமன்று. சென்ற நூற்றாண்டுக்கு முற்பட்ட இங்கிலாந்தில் கடைப் பணியாளர்கள் கடையின் மேல்மாடியிலேயே தங்கி, அங்கேயே உண்டு, சிறு பிழைக்கும் அபராதம் கட்டி வாழ்ந்தனர். எச். ஜி. வெல்ஸ் என்னும் பெரிய எழுத்தாளர் 1881 முதல் இரண்டாண்டு ஒரு துணிக்கடையில் அவ்வாறு பயிலுநராக இருந்து, தாங்கமாட்டாமல் வெளியேறிப் பள்ளிக்கூடத்தில் துணை ஆசிரியரானார். ஆசிரியத் தொழிலைத் தேடிப் பிறர் ஓடிவந்த காலமும் ஒன்று இருந்தது என்பதை உங்களுக்கு நினைவூட்டுவதில் எனக்கு மகிழ்ச்சியே. அவர் ஓடினார், மார்கரெட் பாண்ட்ஃபீல்டு என்ற பெண்மணி ஓடவில்லை. 14 வயதில் துணிக்கடையிற் சேர்ந்த அவர், கடைப் பணியாளர் சங்கத்தில் உறுப்பினராகி, தாம் கண்டவற்றைப் புனைபெயரில் சங்க இதழில் எழுதினார். 1929 இல் பிரிட்டனின் தொழிலாளர் துறை அமைச்சரானார்; அந்நாட்டின் அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. இடையில் 1899 இலேயே, கடையில் பணிபுரியும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையேனும் இடவேண்டும் என்று அங்கே ஒரு சட்டம் வந்துவிட்டது.

நம் பக்கத்துக்கு அந்த இருக்கை வந்துசேர நூறாண்டுக்கு மேலாயிற்று. 2010 இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' என்னும் திரைப்படத்தை உங்களிற் சிலர் பார்த்திருக்கலாம். சென்னை ரங்கநாதன் தெருத் துணிக்கடை ஒன்றில் பணிபுரியும் இளைஞர்கள் நெருக்கித் தங்குவதையும், கண்காணிப்பாளரிடம் அடிபடுவதையும் அது காட்டியது. இலண்டன் கடைகளின் மேல்மாடிக் கதையே இடம் மாறி வந்ததுபோல் இருந்தது. நம் மலைக்கு மேற்கே கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் வேறொன்று நிகழ்ந்தது. அங்குள்ள கடைகளில் பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை. ஆகவே அவர்கள் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் நின்றனர். விஜி என்னும் தையற்காரப் பெண்மணி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தோற்றுவித்து, முதலிற் கழிப்பிடத்துக்கும் பின்னர் உட்காரும் உரிமைக்கும் போராடினார். 2018 இல் கேரளம் தன் கடைச் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பணிக்கிடையே வாய்ப்பு நேரும்போது அமர்வதற்கு ஏற்ற இருக்கைகளை எல்லாப் பணியாளர்களுக்கும் நிறுவனம் அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடைக்குள் நுழைந்தால் நாற்காலி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அதில் யாரேனும் அமர்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அந்த மூலச் சட்டம் 1947 இல் இயற்றப்பெற்றது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அது வகுத்த பொது அளவு. தொடர்ந்து 4 மணி நேரம் உழைத்தால் ஒரு மணி நேர இடைவேளை உண்டு. அதன் 41 ஆம் பிரிவு நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இன்றியும் நீக்கலாகாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நீக்கினால் விசாரணை நடத்திச் சான்றுகளைப் பதிந்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். "நாளை முதல் வராதே" என்று ஒரு மேலாளர் உரக்கச் சொன்னால் அது சட்டத்தின் குரல் அன்று என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஊர் சுற்றி விற்கும் பிரதிநிதிகளின் கதை வேறு. 1947 ஆம் ஆண்டின் தொழிற்றகராறுகள் சட்டம், கைவேலை செய்பவனையும் எழுத்து வேலை செய்பவனையும் தொழிலாளி என்றது. மருந்தைப் பற்றி மருத்துவரிடம் எடுத்துச் சொல்பவன் கையாலும் வேலை செய்யவில்லை, எழுதவுமில்லை. வாயால் வேலை செய்கிறான். ஆகவே அவன் தொழிலாளி அல்லன் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. வாத்தியார்களுக்கும் இதே தொல்லை இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1963 இல் மருந்து மற்றும் விற்பனைப் பிரதிநிதிகளின் சங்கங்கள் இந்திய அளவில் ஒரு கூட்டமைப்பாகத் திரண்டன. 1976 இல் விற்பனை மேம்பாட்டுப் பணியாளர்களுக்கெனத் தனிச்சட்டம் வந்தது. நியமன ஆணை, சம்பளத்துடன் விடுப்பு, தகராறுகளைத் தீர்க்கும் வழி ஆகியவற்றை அது அளித்தது. தொடக்கத்தில் மருந்துத் தொழிலுக்கு மட்டும் உரியதாக இருந்த அது, 2011 இல் சோப்பு, பிஸ்கோத்து, ஆயத்த ஆடை, வண்ணப்பூச்சு முதலிய வேறு தொழில்களுக்கும் விரிந்தது. 2020 இல் இயற்றப்பெற்ற புதிய தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தபோது இச்சட்டமும் அவற்றுள் அடங்கியது. ஆயினும் விற்பனை மேம்பாட்டுப் பணியாளர் தொழிலாளியே என்பதும், நியமன ஆணை எழுத்தில் வேண்டும் என்பதும் புதிய தொகுப்பிலும் இருக்கின்றன.

மாணவிகளுக்கு ஒரு செய்தியைத் தனியே சொல்ல வேண்டும். மேலாளரின் கடுமை என்ற போர்வையில் தகாத பேச்சும் தொடுதலும் வருமாயின் அது பொறுத்துப் போகவேண்டிய கடுமை அன்று. 2013 ஆம் ஆண்டின் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் இதை விசாரிக்க உட்குழு ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகவே இருக்க வேண்டும். சிறு கடைகளில் வேலை பார்ப்பவர்கள் மாவட்டத்தில் உள்ள குழுவிடம் எழுதலாம். நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுதுவது முறை. வீட்டில் உள்ளவர்களிடம் அன்றே சொல்லுங்கள். வீட்டில் சொல்ல இயலாவிடின் உங்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியையிடம் சொல்லுங்கள்.

பொய் சொல்லி விற்கச் சொல்லும் மேலாளரைப் பற்றியும் கூறியாக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இது தேயிலையோடு வருகிறது. கழிவுத் தூளில் சாயமேற்றி, நல்ல தூள் என்று விற்கும் பேர்வழிகள் உண்டு. நனைத்த மைத்தாளின் மேல் சிறிது தூளைத் தூவிச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். தூவிய உடனே தாளில் நிறம் படர்ந்தால் சாயம் கலந்தது என்று ஐயுறலாம். நல்ல தேயிலை தண்ணீரின் குளிர்ச்சியில் அவ்வளவு விரைவாக நிறம் விடாது. "உனக்கென்ன, விற்கச் சொன்னால் விற்றுவிட்டுப் போ" என்று மேலாளர் கூறுவார். உணவுக் கலப்படத்தில் விற்றவரும் பிடிபடுவர். பொட்டலத்தை நீட்டியது யாருடைய கை என்பதே முதற்கேள்வி. இவ்விடத்தில் நான் பொறுமையை உபதேசிக்க மாட்டேன். இந்த மேலாளரை விட்டு நீங்குவதே வழி. குளிர்காயும் உவமை இங்கே பொருந்தாது. இது வீடு பற்றி எரிவது.

நீங்கும்போதும் முறையாக நீங்குங்கள். சினத்தில் சாவியை எறிந்துவிட்டு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். மூன்று மாதம் கழித்து, சரக்கில் இத்தனை குறைகிறது என்று அவர்கள் மேலேயே பழி வந்தது. விலகல் கடிதத்தைத் தேதியிட்டு எழுதி, நகலில் கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பொறுப்பில் இருந்த சரக்கு, மாதிரிப் பொட்டலங்கள், வசூல் பணம், ரசீதுப் புத்தகம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு ஒப்படைத்து, பட்டியலின் அடியில் வாங்கியவரின் கையெழுத்தைப் பெறுங்கள். பணி விடுவிப்புச் சான்றைக் கேளுங்கள். அடுத்த வேலைக்கு அதைக் கேட்பார்கள். இருபது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடமாயின் உங்கள் பெயரில் வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் இருக்க வேண்டும். அதற்கு 12 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று உண்டு. வேலை மாறினாலும் அந்த எண் மாறாது. அதை ஒரு துண்டுச் சீட்டில் மட்டும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊர் மழைக்காலத்தில் சட்டைப்பைச் சீட்டு எதுவும் இரண்டு நாளுக்கு மேல் எழுத்தோடு இருந்ததில்லை.